திங்களும் வியாழனும் தேயாத டை

உம்மு சல்மாவின் வேலை அளப்பது. சிங்கப்பூரில், துவாஸ் பக்கத்தில் தகடு அழுத்தும் ஒரு தொழிற்சாலையில், கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, பிரஸ் எந்திரத்திலிருந்து வரும் உலோகக் கிண்ணங்களை அவள் அளந்தாள். ஐம்பத்தைந்தை நெருங்கும் வயது. மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. அளவு தப்பினால் பெற்ற பிள்ளை கொண்டுவந்ததானாலும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பின்னால் நடந்ததை யாராவது அவளுடைய கவனக்குறைவு என்று சொன்னால் அது பச்சைப் பொய். கவனமெல்லாம் வேண்டிய மட்டும் இருந்தது. கண்டும் காணாமல் இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

அவள் சிங்கப்பூரிலேயே பிறந்தவள். வாப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து தேக்காவில் கைலி வியாபாரம் செய்தவர். புருஷன் அஹமது கபீர் அந்தக் கடையை டன்லப் ஸ்திரீட்டில் கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்தார். பிறகு ஒரு நாள் உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மகள் இன்ஷாவைக் கட்டிக்கொடுத்த பிறகு பூன் லே வீட்டில் சல்மா ஒண்டியாள். அதற்கப்புறம்தான் ரமலான் மாதம் போக, ஒவ்வொரு வாரமும் திங்களும் வியாழனும் நோன்பு வைக்க ஆரம்பித்தாள். அது கடமையில்லை, நபிவழியில் விரும்பி வைக்கும் சுன்னத்துதான். ஆனால் வாரத்தில் இரண்டு அந்தியாவது காத்திருக்க ஒன்று இருக்கிறதே என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

தொழிற்சாலையில் சின்ன மோட்டார்களுக்கு மேலுறை செய்தார்கள். அந்த வேலைக்கு முக்கியமான பொருள் டை. டை என்றால் கெட்டி எஃகு வளையம். அதன் மேல் தகட்டை வைத்தால், மேலிருந்து பஞ்ச் என்கிற உருளை இறங்கி, தகட்டை வளையத்துக்குள் அழுத்தித் தள்ளும். தட்டையாகப் போனது கிண்ணமாக வெளியே வரும். இப்படி நாள் முழுக்க அடி விழுந்துகொண்டே இருந்தால் எந்த எஃகுதான் தாங்கும்? தகட்டிலிருந்து பொடிப் பொடியாகத் துகள் பிரிந்து டையின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துகள் அடுத்து வரும் கிண்ணத்தைக் கீறும். கீறல் ஆழமாக ஆக, டை தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிரஸ் ஓட்டுகிறவர்கள் சாம்பிளாகக் கொண்டுவரும் கிண்ணத்தின் சுவரில் ஓர் ஊசி முனையை ஊர விட்டு அந்த ஆழத்தைப் படிப்பதுதான் சல்மாவின் வேலை. எல்லையைத் தாண்டினால் அன்றைய கூடையை நிறுத்திவைத்து, கிண்ணம் கிண்ணமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் எழுந்திருக்க முடியும்.

ஒரு ரமலானில் அப்படித்தான் ஆயிற்று. ஒன்றாம் பிரஸ்ஸிலிருந்து வந்த மாலை சாம்பிள் எல்லையைத் தாண்டிவிட்டது. கூடையைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கைப்பேசியில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலித்தது. எழுந்து போக வழியில்லை. குழாயில் ஒரு வாய் தண்ணீர் பிடித்துக் குடித்து, நின்றபடியே நோன்பைத் திறந்துவிட்டு, மறுபடியும் கூடைக்கு வந்தாள். ஒன்றாம் பிரஸ்ஸை ஓட்டும் வடிவேலு இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வடிவேலு புதுக்கோட்டைக்காரன். துவாஸ் தங்குவிடுதியில் இருந்தான். முப்பது வயதுக்காரன், வாய் ஓயாதவன். அக்கா அக்கா என்று அவன் கூப்பிட்டால் அளக்கும் அறைக் கண்ணாடியே அதிரும். மறுநாளிலிருந்து அவன் கொண்டுவந்த மாலை சாம்பிள்கள் பளபளவென்று இருந்தன. ஊசி ஊர்ந்தால் கீறலே இல்லை. வாழ்நாளெல்லாம் அளந்தவளுக்கு இது புரியாமல் போகுமா? நாலாம் நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இறைச்சி வாட்டும் சாத்தே குச்சி நாலைச் சேர்த்துக் கட்டி, நுனியில் உலோகம் தேய்க்கும் எமரி பேப்பர் சுற்றி, கிண்ணம் வெளியே விழும் பக்கத்துச் சந்து வழியாக விட்டு டை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். துகள் போய்விடும், அடுத்து விழும் கிண்ணம் புதுசு மாதிரி இருக்கும், அதைச் சாம்பிளாகக் கொடுத்துவிடுவான். கூடைக்குள் இருக்கும் மற்றதெல்லாம் அதனதன் தலையெழுத்து.

அவள் கூப்பிட்டுத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. அன்று பள்ளிவாசலிலிருந்து வாங்கிவந்த நோன்புக் கஞ்சியில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

"நேரத்துக்கு நோன்பு தொறந்தீங்களாக்கா?" என்று கேட்டான்.

"தொறந்தேன்ப்பா. நீ குடி."

சாம்பிளைப் பற்றி இரண்டு பேரும் பேச்செடுக்கவில்லை. தன்னை யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எத்தனை ருசியான விஷயம் என்று ஒண்டியாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ரமலான் முடிந்தது, பெருநாள் போயிற்று. வடிவேலு நிறுத்தவில்லை. திங்களும் வியாழனும் அக்காவுக்கு நோன்பு என்று அவனுக்குத் தெரியும். அந்த இரண்டு நாள் மாலையில் மட்டும் சாம்பிள் பளபளத்தது.

இந்தச் சமயத்தில்தான் நிரஞ்சனா வந்து சேர்ந்தாள். இந்த ஊர்ப் பெண், படித்த இன்ஜினியர், சுறுசுறுப்பானவள், தலைக்கனம் கிடையாது. டை எப்போது தேய்ந்து தீரும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவளுக்குக் கொடுத்த வேலை. அதுவரைக்கும் இத்தனை அடி விழுந்தால் டையை மாற்று என்று ஒரு பழைய கணக்கு இருந்தது. கையைச் சுட்டுக்கொள்ளாத கணக்கு. டை நன்றாக இருக்கும்போதே கழற்றிவிடுவார்கள். அது வீண் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். நிரஞ்சனா முதலில் ஒன்றாம் பிரஸ்ஸை எடுத்துக்கொண்டு, அதற்குச் சல்மா எழுதிய அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கோடு ஏறிக்கொண்டே போயிற்று, நடுநடுவே சட்டென்று இறங்கிற்று. அளக்கும் அறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ஒரு வியர்டான விஷயம். மண்டே, தர்ஸ்டே ஈவ்னிங் மட்டும் கீறல் அப்படியே குறைஞ்சிடுது. அளக்கிற கேஜ் ஓகேதானே?"

சல்மா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். ஒரு நிமிஷம் போதும், சொல்லிவிடலாம். சொன்னால் வடிவேலுவின் கதி என்ன?

"கேஜ் சரியாத்தான் இருக்கு," என்றாள்.

அது உண்மைதான். அதனால்தான் அத்தனை கெடுதல் செய்தது. நிரஞ்சனா ஸ்டோரில் போய் விசாரித்தாள். திங்களும் வியாழனும் காலையில் பிரஸ்ஸுக்குப் புது எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று தெரிந்தது. அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். புது எண்ணெய் இருந்தால் துகள் ஒட்டுவதில்லை. அப்படியானால் தினமும் புது எண்ணெய் ஊற்று, டை கிட்டத்தட்ட ரெட்டிப்பு நாள் ஓடும். படித்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நோன்பாளிக்காக ஒருவன் டையைத் துடைக்கிறான் என்று எந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும்?

நாலு பிரஸ்ஸுக்கும் திரை வைத்தார்கள். டைக்கு மிச்சமிருக்கும் ஆயுள் திரையில் எண்ணாக ஓடியது. எண்தான் சொல்கிறதே, அப்புறம் எதற்கு அளப்பது என்று மற்ற மூன்று பிரஸ்களில் சாம்பிளையே நிறுத்திவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றாம் பிரஸ்ஸில் மட்டும், பழைய கணக்கோடு பொருந்த வேண்டும் என்று, திங்கள் வியாழன் மாலையில் சாம்பிள். அதை வடிவேலு பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் எண் சொன்னதும் சல்மா அளந்ததும் பொருந்திப் போயின. புரொடக்‌ஷன் மேனேஜர் ஸ்ரீராம் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

உள்ளே நடந்தது வேறு. டையின் விளிம்புக்குத் தங்க நிறத்தில் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு, டையைக் காப்பாற்றுவதே அதுதான். எமரியால் தேய்க்கத் தேய்க்கத் துகளோடு அந்தப் பூச்சும் போய்க்கொண்டிருந்தது. பூச்சுப் போன இடத்தில் துகள் இன்னும் வேகமாக ஒட்டும். வடிவேலு முன்னைவிட அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. சல்மாவுக்கு இது தெரியாதா என்றால், யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் அவளுக்குச் சர்க்கரை ஏறியது. ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இன்ஷாவும் ஃபோனில் அழுதாள். திங்கள், வியாழன் நோன்பை விட்டாள். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. மத்தியானத்தில் கேன்டீன் மூலையில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாள்.

அப்படி இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை மாலை அவள் சாம்பிளுக்காகக் காத்திருந்தபோது ஒன்றாம் பிரஸ் நடுவில் நின்றது. பிறகு அலறல் கேட்டது. அவள் ஓடிப் போனபோது வடிவேலு தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கையை யாரோ துணியால் சுற்றிப் பிடித்திருந்தார்கள். சல்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு விரல்கள் போய்விட்டன.

டையைக் கழற்றிப் பார்த்தார்கள். விளிம்பு முழுக்க வரி வரியாகக் கிழிந்து கிடந்தது. ஒரு கிண்ணம் உள்ளே மாட்டிப் பிதுங்கியிருந்தது. திரையிலோ டைக்கு இன்னும் நிறைய ஆயுள் பாக்கி. எண் தப்பாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் ஆள்தான் தப்பு செய்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எண்ணெய் சரியாக விடவில்லை, கிண்ணம் மாட்டிக்கொண்டது, பிரஸ்ஸை நிறுத்தாமல் எடுக்கப் போய்க் கையை விட்டுவிட்டான். வடிவேலுவும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். ஸ்ரீராம் கெட்டவரில்லை. கை ஆறியதும் பேக்கிங்கில் போட்டுக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்தார்.

சல்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பேரீச்சம்பழம் வாங்கிப் போயிருந்தாள், கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

"தம்பி, டை தேஞ்சது நம்மளாலதான். நம்ம சாம்பிள வச்சுத்தான அந்தப் புள்ள நம்பர் போட்டுச்சு. நான் போய்ச் சொல்லப்போறேன்."

வடிவேலு பதறி எழுந்து உட்கார்ந்தான். "வேணாம்க்கா. உங்க கால்ல வேணாலும் விழுறேன். பேக்கிங்ல போடுறேன்னு சார் சொல்லிருக்காரு. சாம்பிள்ல தில்லுமுல்லு பண்ணான்னு தெரிஞ்சா அடுத்த ஃபிளைட்லயே ஏத்திவிட்ருவாங்க. இந்தக் கைய வச்சுக்கிட்டு ஊர்ல நான் என்னக்கா பண்ணுவேன்?"

"மத்த மூணு பிரஸ்லயும் அதே நம்பர்தான்ப்பா ஓடுது."

"அவங்க யாரும் கைய விட மாட்டாங்க."

வலியில் பேசுகிறான் என்று அவள் நினைத்தாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த வாக்கை அவளால் பத்து நாள்கூடக் காப்பாற்ற முடியவில்லை. எந்நேரமும் மற்ற பிரஸ்களின் சத்தத்திலேயே காது இருந்தது. ஒரு நாள் முற்பகலில் இரண்டாம் பிரஸ்ஸின் கூடையைத் தாண்டிப் போனபோது, சுவர் கிழிந்த கிண்ணம் ஒன்று கண்ணில் பட்டது. யாரும் கேட்காமலே எடுத்துப்போய் அளந்தாள். ஊசி எல்லைக்கு எங்கோ மேலே போய் நின்றது. திரையில் எண் பச்சையாகவே இருந்தது. அவள் வெளியே வந்து பார்க்கும்போது, அந்தப் பிரஸ்ஸை ஓட்டுகிறவன், மீசை சரியாக முளைக்காதவன், பிதுங்கிய கிண்ணம் ஒன்றைச் சந்து வழியாகக் கையை விட்டுச் சட்டென்று பிடுங்கி எடுத்தான். கை முழுசாக வெளியே வந்துவிட்டது. அவன் அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை, அடுத்த தகட்டை வைத்தான்.

சல்மா நேராக நிரஞ்சனாவின் மேசைக்குப் போனாள். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நிரஞ்சனா கேட்டுக்கொண்டே பழைய அளவுகளைத் திறந்தாள். கம்ப்யூட்டரில் திங்கள், வியாழன் புள்ளிகளையும் ரமலான் மாதத்தையும் நீக்கிவிட்டுக் கோட்டை மறுபடியும் போட்டாள். கோடு செங்குத்தாக ஏறியது.

"மூணு டையும் லிமிட்டத் தாண்டி ரொம்ப நாளாச்சு," என்றாள். பிரஸ்களை நிறுத்தச் சொல்லி ஃபோன் பண்ணினாள். வைத்துவிட்டுத் திரும்பினாள். "நான் உங்கள வந்து கேட்டேனே ஆன்ட்டி. கேட்டேன் லா!"

"நீ கேஜத்தானே கேட்டே."

சொன்ன மாத்திரத்தில் சல்மாவுக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. இப்படியொரு பதில் தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான்தான் சாம்பிள மாத்தினேன்னு எழுதிக்கோம்மா. அந்தத் தம்பி பேர் வேணாம்."

"நீங்க பிரஸ் பக்கமே போனதில்லையே ஆன்ட்டி. யார் நம்புவா?"

நம்பவில்லைதான். மூன்று டைகளும் அன்றே கழற்றப்பட்டன. பழைய கணக்கு திரும்ப வந்தது. அதற்குப் பிறகு அங்கே யாருடைய கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சல்மாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அதோடு விட்டுவிட்டார்கள், உள்ளூர்க்காரி, வயதானவள். வடிவேலுவுக்குப் பேக்கிங் வேலை இல்லையென்று ஆயிற்று. கை ஆறியதும் ஊருக்கு அனுப்புவதென்று முடிவு செய்தார்கள். மனசாட்சி சுத்தமானால் நிம்மதி வரும் என்று சொல்வார்களே, அது சல்மாவிடம் எட்டிப்பார்க்கவே இல்லை. தூக்கம் வராமல் கிடந்தாள். மற்றவர்கள் கையைக் காப்பாற்றினோம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அது உண்மையாகவும் இருந்தது, உதவாமலும் போயிற்று.

அவன் கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவனே ஃபோன் பண்ணினான். "தேக்கா வரைக்கும் வர்றீங்களாக்கா? பொட்டி கட்ட ஆள் இல்ல." அவன் திட்டப்போகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

பஃபலோ ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முட்டி மோதியது. டீக்கடை ஓரமாக, கடைவாசல்களை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் ஓர் அட்டைப்பெட்டியோடு வடிவேலு நின்றிருந்தான். தைலம், சாக்லேட், பிள்ளைக்கு ஒரு போர்வை, டார்ச் லைட். கையில் இன்னும் வெள்ளைத் துணி. அவன் பெட்டியை முழங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் குந்தி உட்கார்ந்து கயிறு சுற்றினாள். நல்லவேளை, குனிந்திருந்ததால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"எம்மேல கோவமா தம்பி?"

"அட, இல்லக்கா. அந்தச் சின்னப் பய கையும் போயிருந்தா நமக்குத்தானே பாவம். நீங்க சொன்னது சரிதான்." கயிற்றின் நுனியை இடது கையால் எடுத்துக் கொடுத்தான். "ஒண்ணு மட்டும் தப்பா எழுதிட்டாங்க. கப்பு மாட்டிக்கிச்சு, அத எடுக்கப் போனேன்னு. கப்பு அப்புறந்தான்க்கா மாட்டுச்சு. எண்ணெயெல்லாம் சரியாத்தான் விட்ருந்தேன்."

சல்மாவின் கை கயிற்றிலேயே நின்றது.

"அப்ப எதுக்குப்பா கைய விட்டே?"

"வியாழக்கிழமையாச்சே. சாம்பிள் குடுக்கணும்ல? அன்னிக்குக் குச்சி வச்சுத் தேச்சா போகல, அவ்ளோ ஒட்டிக் கெடந்துச்சு. நீங்க வேற பாங்குக்கு முன்னாடி போகணும். வெரல்ல பேப்பரச் சுத்திக்கிட்டு ஒரு இழு இழுத்துடலாம்னு நெனச்சேன்." சிரிக்க முயன்றான். "நேரம் தப்பிப்போச்சு."

அன்று மத்தியானம் கேன்டீன் மூலையில் அவள் சோறும் மீன் சம்பாலும் சாப்பிட்டிருந்தாள். மாலை டீயும் குடித்திருந்தாள். சாம்பிள் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆனாலும் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவனிடம் ஒரு வார்த்தை, இனிமேல் எனக்கு நோன்பு இல்லைப்பா என்று ஒரே ஒரு வார்த்தை, எந்தத் திங்கட்கிழமையாவது சொல்லியிருந்தால் போதும். கூட்டத்தில் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள்.

"அக்கா, கேக்கணும்னே நெனச்சேன்," என்றான் வடிவேலு. "அன்னிக்கு ஒரே கலவரமாப் போச்சே. என்னால நோன்பு தொறக்க லேட்டாயிடுச்சா?"

சல்மா நிமிர்ந்து பார்த்தாள். அவன் உண்மையாகவே கவலையோடு கேட்டான்.

"இல்லப்பா," என்றாள். "நேரத்துக்குத் தொறந்துட்டேன்."

அவன் முகம் தெளிந்தது. "அது போதும்க்கா," என்று சொல்லிவிட்டு, பெட்டியை இடது கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.